எ.கா. பூரணி

கோவில்பட்டியில், பொன்னுத்தாயின் கடலைமிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த மென்பொருள் கம்பெனியில், காளீஸ்வரி எழுதிய கையேட்டின் மூன்றாம் பக்கத்தை விட்டு அழகுசுந்தரம் என்கிற மண்டப மேலாளர் எழுந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மின்சாரம் இருந்தது, கீழே வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது, ஆக்னஸ் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள், மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

வந்தவர் வெள்ளைச் சட்டையில் நீலப் பொத்தான்கள் வைத்துத் தைத்துப் போட்டிருந்தார். ஒரு முன்பதிவைச் சேமிக்க வேண்டும் என்றார். தாராளமாகச் சேமியுங்கள் என்று ஜன்னலோரம் சும்மா கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள் காளீஸ்வரி. அவர் அதன்முன் உட்கார்ந்து, தட்டச்சு செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, குனிந்து, தன் நெஞ்சில் இருந்த நீலப் பொத்தானுக்கு நேரே இரண்டு விரலைக் கொண்டுபோய் டிக்கென்று ஒரு சொடுக்குப் போட்டார். திரையைப் பார்த்தார். மறுபடி சொடுக்கினார்.

"சேமிக்கலீங்களே" என்றார், பாவமாக.

"சேமிக்க, நீல நிறப் பொத்தானைச் சொடுக்கவும் என்று நீதான எழுதியிருக்க?" என்றாள் ஆக்னஸ், வாயில் இட்லியோடு. ஆக்னஸ்தான் அந்த மென்பொருளை எழுதியவள். காளீஸ்வரி அதற்குக் கையேடு எழுதியவள். இருவரும் ஆறு வருஷமாக ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். "கிளிக் பண்ணவும்னு எழுதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நல்ல தமிழ்ல எழுதுறேன்னு சொன்ன. இப்ப பாரு."

இந்தக் கையேட்டின் கதை கொஞ்சம் பழையது. கல்யாண மண்டபங்கள் தேதி பதிந்துகொள்வதற்கும், அண்டா குண்டான் எண்ணிக் கொடுப்பதற்கும், ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டார் வந்து மல்லுக்கு நிற்காமல் பார்த்துக்கொள்வதற்கும் 'மங்கலம்' என்று ஒரு மென்பொருளை அந்தக் கம்பெனி செய்து, சாத்தூரிலிருந்து கயத்தாறு வரை நூற்றுச் சொச்சம் மண்டபங்களுக்குக் கொடுத்திருந்தது. கூடவே ஒரு கையேடும் கொடுத்தது. 'திற என்பதைச் சொடுக்கினால் திற என்னும் பெட்டி திறக்கும்' என்ற ரீதியில் நூற்று நாற்பது பக்கம். அதை எல்லா மண்டபத்திலும் பத்திரமாக வைத்திருந்தார்கள், ஏனென்றால் ஆடுகிற கிரைண்டருக்கு அடியில் கொடுக்க அது சரியான கனமாக இருந்தது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த முதலாளி சீனிராஜ், "பொத்தானைப் பத்தி எழுதாதம்மா, அந்த ஆளு என்ன வேலையா வந்து உக்காந்திருக்கான்னு எழுது. எடுத்துக்காட்டோட எழுது. ஆள் கண்ணு முன்னால வந்து நிக்கணும்" என்றார். காளீஸ்வரி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மனிதரை, பேர், ஊர், சட்டை, பொத்தான் உட்பட எழுதினாள். ஆள் கண்முன்னால் வந்து நின்றுவிட்டார்.

அந்த வாரத்துக்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஐந்தாம் பக்கத்திலிருந்து, ஒரே நாளுக்கு ஒரே மண்டபத்தைக் கேட்டுச் சண்டை போடுகிற இரண்டு மாமனார்கள் வந்தார்கள். ஏழாம் பக்கத்திலிருந்து, கரண்டி ஒன்று குறைகிறது என்று எண்ணிக்கொண்டே ஒரு சமையல்காரர் வந்தார். இப்படியாக ஒன்பது பேர். எல்லோருக்கும் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. எல்லோருக்கும் ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று படியிறங்குகிற அதே போன் நம்பர், அதனால் ஒருவரைக் கூப்பிட்டால் ஒன்பது பேர் சட்டைப்பையிலும் மணி அடித்தது, ஒன்பது பேரும் எடுத்து ஒன்பது வணக்கம் சொன்னார்கள். எல்லோருக்கும் முகவரி எண் 12, எடுத்துக்காட்டுத் தெரு.

ஊர் இதற்கெல்லாம் அசரவில்லை. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்க பொன்னுத்தாய்க்கு நேரமில்லை. வந்தவர் சாப்பிட்டாரா என்றுதான் கேட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேர் இல்லாத ஒரு சந்து இருந்தது, அதற்கு வார்டு கவுன்சிலர் 'எடுத்துக்காட்டுத் தெரு' என்று நீலப்பலகை எழுதி மாட்டிவிட்டார். பன்னிரண்டாம் எண் வீடு ஒன்று பூட்டிக்கிடந்தது, அதைத் திறந்துவிட்டார்கள். தபால்காரர், ஒரு வழியாக முகவரி சரியாக இருக்கிற ஒரு வீடு என்று நிம்மதி அடைந்தார். கையேட்டில் அவர்கள் பேருக்கு முன்னால் 'எ.கா.' என்று போட்டிருந்ததால் ஊரும் அதையே இனிஷியலாக வைத்துக்கொண்டது. எ.கா. அழகுசுந்தரம். எ.கா. மாமனார், பெரியவர், எ.கா. மாமனார், சின்னவர். மொத்தமாகச் சொன்னால், எகா வீடு. கரண்டி எண்ணுகிறவரை விசேஷ வீடுகளில் போட்டி போட்டுக் கூப்பிட்டார்கள், அவர் இருக்கிற இடத்தில் ஒரு தம்ளர் தொலையாது. சொடுக்கவும் என்பதைக் காளீஸ்வரி கிளிக் செய்யவும் என்று மாற்றிய பிறகு அழகுசுந்தரம் தன் சட்டையை விட்டுவிட்டார், ஆனால் தெருப்பிள்ளைகள் கேட்டால் பிரியத்துக்கு ஒரு சொடுக்குப் போட்டுக் காட்டுவார்.

அவர்களுக்கு இருந்த ஒரே கஷ்டம் இதுதான்: எந்த ஊரில் எந்த மண்டபத்தில் யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அந்தப் பக்கத்து ஆள் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மாடியேறி வந்து, ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒன்றாம் படியிலிருந்து கடைசிப் படி வரை எழுதியிருக்கிறபடியே செய்து முடிக்க வேண்டும். அழகுசுந்தரம் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வருவார். மாமனார்கள் சீட்டாட்டத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து சண்டை போட்டு, சமாதானமாகி, கைகோத்துக்கொண்டு இறங்குவார்கள். செய்துவிட்டுப் போவதில் அவர்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பூரணிக்கு மட்டும் அப்படி இல்லை.

பூரணி ஒன்பதாம் பக்கத்திலிருந்து வந்தவள். 'முன்பதிவை ரத்து செய்தல்' என்பது அந்தப் பக்கத்தின் தலைப்பு. காளீஸ்வரி அதில் இப்படி எழுதியிருந்தாள்: 'எ.கா.: பூரணிக்கு நிச்சயித்த திருமணம் நின்றுவிட்டது. மஞ்சள் புடவையோடும், இடது கையில் மட்டும் வைத்த மருதாணியோடும், மண்டபத்தை ரத்து செய்ய அவரே வருகிறார்.' அதற்குக் கீழே ஏழு படிகள். ஏழாவது, 'முன்பதிவு ரத்தானது என்ற செய்தி தோன்றும் வரை காத்திருக்கவும்.'

இந்த விவரங்களைக் காளீஸ்வரி எங்கும் தேடிப்போகவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடது கையில் மருதாணி வைத்து முடித்து வலது கையை நீட்டச் சொன்னபோதுதான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. காரணம் சொல்லவில்லை. அவளுடைய அப்பா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டதால் அவளே மஞ்சள் புடவையோடு போய் மண்டபத்தை ரத்து செய்துவிட்டு வந்தாள். அந்த மண்டபம் கம்பெனிக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அன்றிலிருந்து அவள் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. மண்டபங்களுக்கான கையேட்டை எழுதியதுகூட எல்லாவற்றையும் போனில் கேட்டுத்தான். கூடப்பிறந்த தங்கை கல்யாணத்துக்கே காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவள்.

ஒன்பதாம் பக்கம் பிரமாதமாக இருக்கிறது, படித்ததுமே புரிகிறது என்று எல்லா மண்டபங்களும் சொன்னார்கள். வைகாசி வந்தது. நாளுக்கு முப்பது தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். நாளுக்கு முப்பது தடவை பூரணி மஞ்சள் புடவையோடு மாடியேறி வந்து, முப்பது தடவை தன் கல்யாணத்தை ரத்து செய்து, முப்பது தடவையும் வாசற்படியில் நின்று அழுதாள். முதல் நாள் பொன்னுத்தாய் மேலே வந்து அவள் கையில் ஒரு கடலைமிட்டாயைத் திணித்தாள். பத்தாம் நாள் காளீஸ்வரியிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, நீ எழுதுன பிள்ளைதான அது? ஒரு நல்ல வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு?"

காளீஸ்வரிக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அவள் வேண்டுமென்றா செய்தாள்? எடுத்துக்காட்டு நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே, தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து அந்தப் பெண் தலையில் வைத்தாள்.

அதோடு நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு வெளியாகும். இதுவரை மண்டபங்களில் இருந்தது வெள்ளோட்டப் பிரதி, அதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பதிப்பு வெளியாகிவிட்டால் அடுத்த வைகாசி வரை ஒரு எழுத்தில்கூடக் கை வைக்க முடியாது. அதுவரை ஒன்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பூரணியின் வாழ்க்கை.

திங்கட்கிழமை அவள் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டுப் பார்த்தாள். பூரணி மங்கலாகிக்கொண்டே போய், மத்தியானத்துக்குள் அவளுக்குப் பின்னால் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. பதறிப்போய்த் திரும்ப வைத்தாள். செவ்வாய்க்கிழமை காரணத்தை மாற்றினாள்: கல்யாணம் நின்றதற்குப் பதிலாக, 'கனமழை காரணமாக' என்று எழுதினாள். அன்றைக்குக் கோவில்பட்டி முழுக்க வெயில் கொளுத்த, அந்த ஒரு தெருவில் மட்டும் முப்பது தடவை மழை கொட்டியது. பாகு இறுகாமல் கடலையெல்லாம் தட்டிலேயே நீந்தியது. "எங்க பொழப்புல மழைய எழுதாத தாயி, புண்ணியமாப் போகும்" என்று பொன்னுத்தாய் முறத்தால் தலையை மூடிக்கொண்டு மாடியைப் பார்த்துக் கத்தினாள். புதன்கிழமை, பழைய காரணத்தையே வைத்துவிட்டு, கடைசியில் எட்டாவதாக ஒரு படி சேர்த்தாள்: 'மகிழ்ச்சியாக இருக்கவும்.' பூரணி பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாள் முழுக்க அப்படியே இருந்தாள். பால் வாங்க வந்தவள் இடுப்பில் இருந்த கைக்குழந்தை ஒன்று அவளைப் பார்த்து வீரிட்டது. மாமனார்கள் இருவரும் முதல்முறையாக ஒரே கருத்தாக, இதற்கு அழுகையே தேவலை என்றார்கள். அன்றைக்கே அந்த எட்டாவது படியை எடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காளீஸ்வரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஆக்னஸ் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒரு பொத்தான் எங்க வைக்கணும்னு நான் முடிவு பண்ணும்போதெல்லாம் என்ன சொல்லி என் உசுர வாங்குவ?"

"பயன்படுத்துறவங்கள முதல்ல கேளுன்னு."

"இவளக் கேட்டியா?"

கேட்கவில்லை. மூன்று மாதமாகத் தினமும் பார்க்கிறவளிடம் அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை. பூரணி வருகிற நேரமெல்லாம் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். அந்தப் புடவையைப் பார்க்க முடியாது.

அடுத்த தடவை பூரணி ஏழு படியும் முடித்துவிட்டு வாசற்படிக்குப் போனபோது காளீஸ்வரியும் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"பூரணி, உனக்கு என்னம்மா வேணும்? கல்யாணம் நிக்காத மாதிரி எழுதணுமா?"

பூரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை, அதனால் நன்றாக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அதுக்கு அழுகலக்கா நான். அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது, நீங்க பேருகூட எழுதல. ரத்து பண்றதும் ஒண்ணும் கஷ்டமில்ல, நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஏழாவது முடிஞ்சதும்தான் பயமாருக்கு. அதுக்குப் பிறகு என்ன செய்யணும்னு ஒண்ணுமே இல்ல. இந்தப் படியில வந்து நிக்கேன். கீழ போறதா, மேலயே இருக்கதா? அதுக்குள்ள யாராச்சும் தொறந்துருறாக, மறுபடி மொதல்லருந்து." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க எட்டாவதா என்ன செஞ்சீகக்கா? அதையே எழுதிருங்களேன்."

காளீஸ்வரி ஒன்பது வருஷத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தேடிப் பார்த்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், தைப்பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தாள், கையேடு எழுதினாள். எட்டாவது என்று சொல்லும்படி ஒன்றையும் காணோம். மண்டபத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவள் இன்னும் அந்த வாசலிலேயேதான் நின்றுகொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும், பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்பது வருஷமாக அழாததை அழுதாள்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எகா வீட்டு ஆட்கள் நின்றார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வீட்டுக்குப் போகவும் என்று எழுதச் சொன்னார் அழகுசுந்தரம். சாப்பிடவும் என்றார் சமையல்காரர். வேறு மாப்பிள்ளை பார்க்கவும் என்று ஆரம்பித்த பெரிய மாமனாரைச் சின்ன மாமனார் முழங்கையால் இடித்தார். எல்லாம் வும், வும், வும். கையேட்டுத் தமிழ் அப்படித்தான்: திறக்கவும், நிரப்பவும், காத்திருக்கவும். கும்பிட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும், ஆனால் தட்டிக்கழிக்க முடியாது. அந்தப் பெண்ணும் அப்படியே செய்வாள், சிரிக்கவும் என்றால் சிரித்த மாதிரி.

நாலு ஐம்பத்தைந்துக்குக் காளீஸ்வரி ஒரே ஒரு வரி தட்டினாள்.

'8. பிறகு கிளம்பலாம்.'

சீனிராஜ் பின்னால் நின்று படித்தார். "லாமா? கையேட்டுல லாம் போட மாட்டோமேம்மா. லாம்னு போட்டா ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் பண்ணிருவாக."

"பண்ணட்டும் சார்."

அவர் பூரணியைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஒரு லாம்தான" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். ஐந்து மணிக்கு ஆக்னஸ் பதிப்பை வெளியிட்டாள்.

ஐந்து ஏழுக்கு, எட்டயபுரம் பக்கம் ஏதோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார்கள். பூரணி எழுந்து போய் உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் 'முன்பதிவு ரத்தானது' என்று வந்தது. பூரணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசற்படிக்குப் போனாள். நின்றாள். அழவில்லை. பிறகு திரும்பி வந்து காளீஸ்வரியின் மேஜைக்கு எதிரே நின்று, மருதாணி இல்லாத வலது கையை நீட்டினாள்.

"கிளம்பலாம்க்கா."

"நீ போகலாம்னுதான் எழுதினேன், பூரணி."

"கிளம்பலாம்னுதான் போட்டிருக்கு. தனியாப் போறதுன்னா நீங்க கிளம்பவும்னுல்ல போட்டிருப்பீக?"

ஆக்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தமிழில் அந்த ஒரு வார்த்தை, போக விடுகிறவர்களும் சொல்வது, கூடக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் சொல்வது. ஆறு வருஷம் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எழுதியவளுக்கு இது தட்டுப்படவில்லை.

"எங்க போறதாம்?" என்றாள் காளீஸ்வரி, ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டு.

"அது எழுதலியே" என்றாள் பூரணி, மிகுந்த சந்தோஷத்தோடு.

இருவரும் இறங்கினார்கள். கீழே பொன்னுத்தாய் ஒன்றும் கேட்காமல் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தாள். ரோட்டைத் தாண்டினால் எதிரே அந்த மண்டபம், வாசலில் வாழைமரம் கட்டி, சீரியல் விளக்கு போட்டு, உள்ளே நாதஸ்வரம், மறுநாள் முகூர்த்தத்துக்கு இன்றைக்குப் பெண்ணழைப்பு. காளீஸ்வரியின் கால் வழக்கம்போல ரோட்டின் இந்த ஓரத்திலேயே நடக்கப் பார்த்தது. பூரணி கையை விடவில்லை. வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டினார்கள், எடுத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு தூணோரம் மருதாணிக் கூம்போடு ஒரு பெண் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பூரணியின் இடது கையைப் பார்த்துவிட்டு, "இது யாரு, பாதியில விட்டது? அந்தக் கையக் காட்டுக்கா" என்று வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்படியாகப் பந்தியில் உட்கார்ந்தபோது பூரணிக்கு வலது கை முழுக்க ஈர மருதாணி, சோற்றைத் தொட வழியில்லை. இலையைப் பார்த்துவிட்டுக் காளீஸ்வரியைப் பார்த்தாள். காளீஸ்வரி சாம்பாரை விட்டுப் பிசைந்து, ஒரு வாய் அவளுக்கு ஊட்டினாள், ஒரு வாய் தான் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, உப்புக்குக் குறைவில்லாமல் சாப்பிட்டாள்.

வாளியோடு வந்த பரிமாறுகிறவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாம்மா?"

"எகா வீடு" என்றாள் காளீஸ்வரி.

"அப்படிச் சொல்லுங்க" என்று அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். "பாயாசம் வருது. எந்திரிச்சிராதீக."